நாலாம் நிலையில் நின்றவர்

குட்டி டிரக்கின் கூரைமேல் ஏறி நின்று, துணி அலசும் பேசினைச் சாதக் கரண்டியால் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தாள் மிகாகோ.

கீழே அவளுடைய முட்டைக்கோஸ் பாத்திகளுக்குள் ஒரு காட்டுப்பன்றி. பின்னால் மூன்று வேட்டை நாய்கள். கிழிந்த வேலி வலை பன்றியின் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே இழுபட்டது.

"போ! அந்தப் பக்கம் போ!"

பன்றி அந்தப் பக்கம் போகவில்லை. முற்றத்தைக் குறுக்கே கடந்து, கண்ணாடிக் கதவை உடைத்துக் கூடத்துக்குள் புகுந்தது. மேசையைப் புரட்டியது. வந்த வேகத்தில் வெளியேறியது. குறுக்கே வந்த நாயின் விலாவைக் கிழித்துவிட்டு மூங்கில் தோப்புக்குள் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு வெடிச்சத்தம். அதன்பின் அமைதி.

மலைச்சரிவிலிருந்து சறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தான் ஹயாதோ. நாய்களோடு பன்றியை மேலிருந்து விரட்டி இறக்குவது அவன் வேலை. கீழே ஆளுக்கொரு நிலையில் துப்பாக்கியோடு காத்திருப்பவர்கள் சுட வேண்டும். மிகாகோவின் தோட்ட ஓரம்தான் நாலாம் நிலை. அங்கே ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாக ஓர் ஆள் நின்றிருந்தார்.

"தொகுஜி-சான்! மூக்குக்கு நேரா ஓடிச்சே! தூங்கிட்டீங்களா?"

ஆள் அசையவில்லை. ஹயாதோ ஓடிப்போய் அவர் தோளைத் தட்டினான். கையோடு வைக்கோல் வந்தது.

அது மிகாகோவின் சோளக்கொல்லைப் பொம்மை.

"இதை நம்பித்தானே விரட்டுனேன்..." என்றான். மேலிருந்து ஆரஞ்சு தெரிந்தால், வீட்டுப் பக்கம் ஆள் நிற்கிறது, வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மற்றவர்கள் கீழிருந்து ஏறி வந்தார்கள். முன்னால் குழுத் தலைவர் ஒகுதா. கடைசியில், மூச்சிரைக்க, தொகுஜி. குழுவிலேயே மூத்தவர். மடிப்புக் கலையாத ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார்.

"நிலையை விட்டுட்டு எங்க போனீங்க?" என்றார் ஒகுதா.

"வயித்தைக் கலக்குச்சு. கொஞ்சம் தள்ளி ஒதுங்கினேன்."

ஒகுதா அவரை முறைத்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார். பிறகு டிரக்கின் மேல் நின்றவளை.

"இறங்குங்க, மிகாகோ-சான். நல்லா யோசிச்சிருக்கீங்க."

"என்ன யோசிச்சேன்?"

"பொம்மைக்கு எங்க சட்டையை மாட்டி வேட்டையைக் கெடுத்தா, பழியும் எங்க மேல விழும். சாயங்காலக் கூட்டத்துக்கு நல்ல சாட்சி."

மிகாகோ இறங்கினாள். போன குளிர்காலத்தில் அவள் இதே பாத்தியில் குனிந்து முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தோட்டா அவளைத் தாண்டிப்போய்க் குளியலறைச் சுவரில் பாய்ந்தது. அன்று பல பேர் சுட்டிருந்தார்கள். கல்லில் பட்டுத் திரும்பிய தோட்டா, யாருடையது என்று சொல்ல முடியாது என்று விசாரணை முடிந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் வேட்டை கூடாது என்று அவள் மனு போட்டாள். இன்று சாயங்காலம் ஊர்க்கூடத்தில் அதற்கு முடிவு. மனு தோற்றால் வீட்டை விற்றுவிட்டு ஒசாகாவுக்கே திரும்புவதாகக் கணவனிடம் சொல்லியிருந்தாள்.

"நான் எதையும் மாட்டலை. எனக்கு ஏது இந்தச் சட்டை?"

"கடையில விக்குது."

பொம்மையின் சட்டையைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே விரித்தாள். நெஞ்சில், வேட்டைக்காரர்கள் உரிம வில்லை குத்தும் இடத்தில், ஊசி ஓட்டைகள். ஓரத்தில் பழைய கறை.

"ஊசி ஓட்டையும் பன்னி ரத்தமும் சேர்த்தா விக்கிறாங்க?"

ஹயாதோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"எங்க சட்டை எங்க மேலதான் இருக்கு" என்றார் ஒகுதா. எல்லோரும் ஆரஞ்சில்தான் நின்றார்கள். "நாய் சாகக் கிடக்குது. கூட்டத்துல நான் இதைத்தான் சொல்வேன். யாரை நம்புறாங்கன்னு பார்ப்போம்."

மிகாகோ அந்தச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஊர் யாரை நம்பும் என்பது அவளுக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு அவள் சீக்கிரமே போனாள். அந்தச் சட்டை துணிப்பையில் இருந்தது. ஊர்க்கூடத்தின் பின்புறம் நீலத் தார்ப்பாய் விரித்துப் பன்றிக்கறியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நிலையில் நின்றவர்களுக்கும் விரட்டியவர்களுக்கும் ஒவ்வொரு கூறு. நாய்களுக்கும் உண்டு. முகம் பார்த்துப் பங்கு வைக்கக் கூடாது என்பதால் மூத்தவர் முதுகைத் திருப்பி நிற்பார். ஒருவன் ஏதாவது ஒரு கூறைத் தொடுவான். அவர் ஒரு பெயர் சொல்வார்.

தொகுஜி சுவரைப் பார்த்து நின்றார். ஹயாதோ தொட்டான்.

"இது?"

"ஒகுதா."

"டேய், அடுத்தது கொழுப்பா பார்த்துத் தொடுடா. வீட்டுல அவ காத்துக்கிட்டிருக்கா" என்றான் ஒருவன்.

"அவங்களுக்கு இருக்கிற கொழுப்பு பத்தாதா?"

சிரிப்பு. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அடிபட்ட நாயின் பெயரும் வந்தது. கடைசியாக ஒரு கூறு மிஞ்சியது.

"இது உங்களுது, தொகுஜி-சான்."

"எனக்கில்ல. நிலையில நின்னவனுக்குத்தான் பங்கு. நாலாம் நிலையில நின்னது பொம்மை. பொம்மை யாரோடது?"

எல்லோரும் மிகாகோவைப் பார்த்தார்கள்.

"மிகாகோ-சான்" என்று அவரே சொன்னார். பெயர் சொல்லும் அதே குரல்.

"விளையாடாதீங்க" என்றார் ஒகுதா.

"சட்டையை மாட்டுனது நான்தான். விடியக்காலையில. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டேன். கீழ ரோட்டோரம் உக்காந்திருந்தேன். பன்னி நாலாம் நிலைப் பக்கம் வராதுன்னு நினைச்சேன். நாய்க்கும் வீட்டுக்கும் நான்தான் பொறுப்பு."

"எதுக்கு?"

"இந்த வருஷமும் எனக்கு நாலாம் நிலையைக் கொடுத்தியே. அங்க துப்பாக்கியோட நிக்க என்னால முடியாது. கண்ணு போயிடுச்சு, ஒகுதா. ரெண்டு வருஷமாவே."

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே!"

"ஏன்னு கேட்டிருப்பே."

மிகாகோ பையைக் கீழே வைத்தாள். தொகுஜி இன்னும் திரும்பவில்லை.

"போன வருஷத்துத் தோட்டா கல்லுல பட்டுத் திரும்பினதில்ல. அது என்னுது. குறி பார்த்துதான் சுட்டேன். பழுப்பா ஏதோ குனிஞ்சு மண்ணைக் கிளறிக்கிட்டிருந்துச்சு. பன்னின்னு நினைச்சேன்."

ஹயாதோவின் கை அந்தக் கடைசிக் கூறின் மேலேயே இருந்தது.

"சுட்டப்புறம்," என்றார் தொகுஜி சுவரிடம், "அது ரெண்டு கால்ல எழுந்து நின்னுச்சு."