பச்சைமுத்துவின் உடம்பில் விழுந்த மதிப்பெண்கள்

மோசமாகக் கட்டப்பட்ட சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தம் பச்சைமுத்துவின் உடம்பில் காயமாக விழும். பெங்களூர் நீலசந்திராவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதலில் தெரிந்துகொண்டவள் அவன் மனைவி பாஞ்சாலி. அவளுக்கே அதற்குப் பதினொரு வருடம் பிடித்தது. ஜே.சி. ரோட்டில் லாயிட்டின் கடையில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டும் வேலை பார்த்த அவன், கன்றிய தோளோடும் வீங்கிய தாடையோடும் சாயங்காலம் வீடு திரும்புவான். குடித்துவிட்டு எங்கோ அடி வாங்குகிறான் என்று நினைத்துத் தன் பங்குக்கு அவளும் இரண்டு முறை பூரிக்கட்டையால் அடித்திருக்கிறாள். 2013இல் ஒரு காலை, தெருக்கோடி ரவிக்குமார் தன் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் புதிதாக ஒரு சப்வூஃபர் பெட்டியை வைத்துப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனான். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த பச்சைமுத்துவின் முதுகில் பூசணி இலை அளவுக்கு ஊதாவாக ஒன்று பூத்ததைப் பாஞ்சாலி கண்ணால் பார்த்தாள். ஆட்டோ திரும்பி வந்தபோது அதன் பக்கத்தில் இன்னொன்று பூத்தது. அவள் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கிப் போனாள். ரவிக்குமாருக்கு நெற்றியில் நான்கு தையல்.

அந்த வருடமே லாயிட் அவனை நடுவராக்கினார். ஹெண்ணூரைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங் மைதானத்தில் அவர் கார் ஆடியோ போட்டி நடத்திவந்தார். நடுவர் ஒவ்வொரு காரிலும் ஓட்டுநர் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒரே மூன்று பாட்டைக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். வேலை என்னவோ இவ்வளவுதான். ஆனால் அதற்கு முன் இருந்த நடுவர்களில் ஒருவருடைய காதைத் தோற்றவன் கடித்துவிட்டான். இன்னொருவருக்கு வீல் ஸ்பேனரால் முழங்காலை உடைத்தார்கள். காதால் கேட்டுச் சொல்கிற தீர்ப்பை யார் வேண்டுமானாலும் மறுக்கலாம், கன்றிய சதையை மறுக்க முடியாது என்பது லாயிட்டின் கணக்கு. “உன் பாடி பொய் சொல்லாது மேன்” என்றார். பாஞ்சாலி ஒப்புக்கொள்ளவில்லை. “இவரு என்ன மத்தளமா? ஆளாளுக்கு அடிக்கிறதுக்கு?” என்று கேட்டாள். கடையில் தினமும் வாங்குகிற அடிக்குப் பதில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வாங்கினால் போதும் என்று லாயிட் விளக்கிய பிறகு, தானும் கூட இருப்பேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள்.

மைதானத்தின் ஓரத்தில் நான்கு கம்பு நட்டுத் திரை கட்டினார்கள். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் அளவெடுத்துப் பழகிய பாஞ்சாலி டேப்போடு உள்ளே நிற்பாள். ஒவ்வொரு காரிலிருந்தும் இறங்கி வருகிறவனின் சட்டையைக் கழற்றி, காயத்தை அளந்து, உரக்கச் சொல்வாள். வெளியே லாயிட் எழுதிக்கொள்வார். சில வருடங்களில் அவளுக்கு எல்லாம் அத்துப்படியாகிவிட்டது. எந்தப் பாட்டுக்கும் ஒரே மாதிரி முழங்குகிற பெட்டி அகலமாக, ஊதாவாகக் கன்றும். தாளத்துக்குப் பிந்தி வருகிற பாஸ் என்கிற அடித்தொனி, காரைவிட்டு இறங்கி நாலடி நடந்த பிறகுதான் மஞ்சளாக வீங்கும். டிக்கிக் கதவு அதிர்ந்தால் பூனை பிறாண்டியது போல மெல்லிய கீறல்கள். பெட்டியின் மூட்டில் காற்றுக் கசிந்தால் கொப்புளம். பாஸ் பின்னாலிருந்து வருவதாகக் கேட்டால் காயம் முதுகில் விழும், அதற்குப் பாதி மதிப்பெண் போய்விடும். பெட்டி இருப்பது டிக்கியில்தான் என்றாலும் சத்தம் முன்கண்ணாடிக்கு அப்பால், பாடுகிறவரின் காலடியிலிருந்து வர வேண்டும். அப்படி வந்தால் எங்கும் காயம் இருக்காது. நெஞ்சு மட்டும் லேசாகச் சூடாகும்.

காயமே விழாத பெட்டிகளைக் கட்டுகிறவன் பெங்களூரில் ஒருவன்தான் இருந்தான். பிரேசர் டவுனைச் சேர்ந்த க்ளென். பலகையை அறுக்குமுன் விரல் கணுவால் தட்டிக் கேட்பான். பிடிக்கவில்லையென்றால் மிதித்து உடைத்துவிடுவான். பச்சைமுத்துவுக்கு உடம்பெல்லாம் ரணமாக இருக்கிற நாட்களில் தன் பழைய மாருதியில் அவனை உட்காரவைத்து ஒரு பாட்டுப் போடுவான். கன்றல்கள் கொஞ்சம் வெளுக்கும். 2022 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கறுப்பு எஸ்யூவி ஒன்றின் பெட்டி வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போன க்ளென் வீடு திரும்பவில்லை. அந்த வண்டி தினேஷுடையது. ஆட்களை மிரட்டிக் காலிமனைகளை எழுதி வாங்குகிற குடும்பம். க்ளென் வேலையை முடித்துக்கொண்டு துபாய்க்குப் போய்விட்டான் என்று தினேஷ் சொன்னான். ஸ்டேஷனிலும் அதையே எழுதிக்கொண்டார்கள். க்ளெனின் மனைவி மௌரீன் அலமாரியிலிருந்து அவனுடைய பாஸ்போர்ட்டை எடுத்துப்போய் மேஜைமேல் வைத்தாள். இன்ஸ்பெக்டர் அதைப் புரட்டிப் பார்த்து, போட்டோ நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு மௌரீன் எல்லாப் போட்டிகளுக்கும் வரத் தொடங்கினாள். குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். “அண்ணா, அவர் கடைசியா கட்டின பெட்டி இருக்கற வண்டில உக்காந்தீங்களா?” என்று பச்சைமுத்துவைக் கேட்பாள். நான்கு மாதம் அவன் இல்லை என்றே சொல்லிவந்தான்.

பிப்ரவரியில் தினேஷ் அந்தக் கறுப்பு எஸ்யூவியோடு போட்டிக்கு வந்தான். காலை பதினொரு மணி, வெயில் ஏறியிருந்தது. அதற்குள் இரண்டு சண்டை நடந்து, ஒருவனுக்குப் பல் போயிருந்தது. “ஏய் கெழவா, வா, வந்து கேளு. ஒரு கீறல் விழுந்துச்சுன்னா வண்டிய இங்கயே கொளுத்திட்டுப் போறேன்” என்றான் தினேஷ். பச்சைமுத்து ஏறிக் கதவைச் சாத்தினான். முதல் பாட்டில் நெஞ்சு சூடானது. இரண்டாவதில், சத்தம் முன்கண்ணாடிக்கு வெளியே இருபதடி தள்ளி நின்று தன்னை அழைப்பதாகத் தோன்றியது. க்ளெனின் கை அதில் தெரிந்தது, பச்சைமுத்துவின் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில், காதுக்கு எட்டாமல் எலும்புக்கு மட்டும் எட்டுகிற ஆழத்துக்குப் பாஸ் இறங்கியபோது, அவன் இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினான். யாரோ கத்தியை ஓங்கினால் தூக்குவது போல.

நடந்தேதான் திரைக்கு வந்தான். பாஞ்சாலி சட்டையைக் கழற்றினாள். கழற்றும்போதே அது கனத்தது. இடது முழங்கையின் கீழ் எலும்பு தெரிய ஒரு வெட்டு. விலாவில் மூன்று குத்து. கழுத்தைச் சுற்றி, பின்னாலிருந்து வயரைப் போட்டு இறுக்கிய தடம். பத்து வருடமாக அவள் அளந்த காயங்களில் இந்த வகை ஒன்றுகூடக் கிடையாது. இது பாஸ் இல்லை, ஆள் கை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தன் சேலைத் தலைப்பைச் சுருட்டி விலாவில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் டேப்பைப் பிடித்து, வழக்கம்போல உரக்கச் சொன்னாள்: “இடது கை, வெட்டு, நாலு இஞ்ச். இடது விலா, கத்திக்குத்து, மூணு. ஒவ்வொண்ணும் ஒண்ணே கால் இஞ்ச் அகலம். ஆழம் என் வெரலு முழுசா போவுது. கழுத்துல வயரு.” வெளியே லாயிட் எழுதுவதை நிறுத்தினார். மௌரீனின் குடை கீழே விழுந்தது.

தினேஷ் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தான். “என்னடி கதை கட்டுற?” என்று பாஞ்சாலியின் முடியைப் பிடித்து இழுத்தான். அவள் புருஷனின் விலாவிலிருந்து கையை எடுக்காமல் அவன் மணிக்கட்டைக் கடித்தாள், சதை வாயோடு வருகிற வரைக்கும் விடவில்லை. அவன் அலறிப் பின்வாங்கினான். லாயிட் திரைக்குள் குனிந்து, “முத்து, மார்க் சொல்லு மேன்” என்றார். என்ன கேட்பது என்று தெரியாமல் அவர் வழக்கமாகக் கேட்பதையே கேட்டார். பச்சைமுத்துவின் வாயோரம் ரத்தம் நுரைத்தது. “பெட்டிக்கு நூத்துக்கு நூறு” என்றான். “க்ளென் கட்டுனது. ஒரு குறை இல்ல. இந்தக் காயம் பெட்டியோடது இல்ல, உள்ள இருக்கறதோடது. தெறந்து பாருங்க.”

பெட்டிக்குள் எது இருக்கிறதோ அதுவும் சேர்ந்தே சத்தமாக வரும் என்பது அந்த மைதானத்தில் நின்ற எல்லோரும் அறிந்த தொழில் உண்மை. முதலில் வண்டியை நோக்கி ஓடியவன் டேரில். க்ளென் அடுத்ததாக அவனுக்குத்தான் பெட்டி கட்டுவதாக இருந்தது. தினேஷின் ஆட்கள் இரும்புக் கம்பிகளோடு குறுக்கே நின்றார்கள். அவர்கள் நாலு பேர், கார்க்காரர்கள் அறுபது பேர். கால் மணி நேரம் அடிதடி நடந்தது. டேரிலின் இரண்டு விரல்கள் முறிந்தன, தினேஷின் தாடை கழன்றது, யாருடையதென்று தெரியாத ஒரு செருப்பு மண்டபத்தின் கூரையில் போய் விழுந்தது. முறியாத கையால் டேரில் திருகாணிகளைக் கழற்றிச் சப்வூஃபரை வெளியே இழுத்தான். சத்தம் திமிறாமலிருக்க உள்ளே அடைத்திருந்த வெள்ளைப் பஞ்சு ரத்தம் ஊறிக் காய்ந்து கறுத்துப்போய், பலகையைப் போல இறுகியிருந்தது. மௌரீன் கையை விட்டு அதைத் தொட்டாள். பஞ்சோடு ஒட்டியிருந்த சட்டைப் பித்தானைப் பிய்த்தெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “என் பித்தான். அவர் சட்டைல நான் தெச்சது” என்றாள்.

இந்தப் பாஸ் ஊரில் வேறு ஒருவனிடமும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் குத்தினேன் என்று, தாடையைக் கட்டியிருந்த தினேஷ் ஸ்டேஷனில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். டேரிலுக்கும் கட்டித்தருவேன் என்று க்ளென் சொன்னானாம். உடல் எங்கே என்பதை மட்டும் எழுத மறுத்தான். உடல் இல்லாமல் வழக்கு நிற்காது என்றார் இன்ஸ்பெக்டர்.

பச்சைமுத்து ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். குத்தியது யார் என்று கேட்ட டாக்டரிடம் பாஞ்சாலி, “யாரும் குத்தல சார், கார்ல உக்காந்திருந்தாரு” என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ஸ்டேஷன் முற்றத்தில் நிற்கும் அந்த வண்டியில் இன்னொரு முறை உட்காரப் போவதாக அவன் சொன்னான். மௌரீன் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாஞ்சாலி கதவை மறித்து நின்றாள்.

“செத்துப்போவ.”

“அவன் எங்க கெடக்கறான்னு தெரியாம அந்தப் பொண்ணு எப்படிடி சோறு துண்ணும்?”

பாஞ்சாலி கதவைவிட்டு விலகினாள். பிறகு போய்ப் புது டேப் எடுத்துவந்தாள்.

பெட்டியைப் பழையபடி மூட்டி, பாட்டைப் போட்டார்கள். இந்த முறை காயம் எதுவும் விழவில்லை. பச்சைமுத்து கதவைத் திறந்து குனிந்து வாந்தியெடுத்தான். நுரையாக வந்தது. வெள்ளையாக, சோப்பு நாற்றத்தோடு, ஆளுயரத்துக்குக் குவிந்து, காற்றில் பிய்ந்து முற்றம் முழுக்கப் பறந்தது. சாக்கடை கலந்து இப்படி நுரைத்துத் தெருவெல்லாம் பறக்கிறது எந்த ஏரி என்று பெங்களூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கான்ஸ்டபிள்கள் தொப்பியைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். மாலைக்குள் க்ளெனை எடுத்துவந்துவிட்டார்கள்.

அடக்கத்தன்று, சவவண்டிக்குப் பின்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று முப்பது கார்க்காரர்கள் ஆசைப்பட்டார்கள். கூடவே கூடாது, பச்சைமுத்து செத்தே போவான் என்றார் லாயிட். போடட்டும், நான் நடந்தே வருகிறேன் என்றான் பச்சைமுத்து. ஆகவே முப்பது பேரும், பத்து வருடமாக அவனைக் கன்றவைத்தவர்கள், மூன்று நாள் வேலைக்குப் போகாமல் தங்கள் வண்டிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். மூட்டுகளில் பிசின் விட்டார்கள், கதவுகளுக்குள் பட்டை ஒட்டினார்கள், பேராசையாக ஏற்றிவைத்த சத்தத்தையெல்லாம் இறக்கினார்கள். சனிக்கிழமை காலை பிரேசர் டவுனிலிருந்து கல்லறை வரை முப்பது வண்டிகள் மெல்ல வந்தன. மௌரீனுக்கும் பாஞ்சாலிக்கும் நடுவில் பச்சைமுத்து நடந்தான். வழி முழுக்க அவன் நெஞ்சு சூடாகவே இருந்தது. கடைசித் திருப்பத்தில் மட்டும் வலது சுண்டுவிரலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது.

டேரில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தான். விரலைப் பார்த்தான். “என்னோட நம்பர் பிளேட் அதிர்ந்துடுச்சு அண்ணா. அத மறந்துட்டேன்” என்று தேம்பினான். கட்டுப் போட்ட கையாலேயே பிளேட்டைத் திருகிக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தான். அடுத்த சிக்னலில், நம்பர் பிளேட் இல்லாமல் வந்த வண்டியை டிராபிக் போலீஸ்காரர் ஓரங்கட்டினார். டேரில் காரணத்தைச் சொன்னான். அவர் பச்சைமுத்துவைக் கூப்பிட்டு, சுண்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போகச் சொன்னார்.