சீண்டாமலே கத்திய அணுக்கள்

அன்புசெல்விக்கு வந்த சோதனை எதிரிக்கும் வரக் கூடாது. காலாப்பட்டு ஆய்வுக்கூடத்தில் நாலு வருடமாக அவள் கட்டிக்கொண்டு அழுதது, ரத்தத்தில் காவல் காக்கும் வெள்ளை அணுக்களை. கிருமி வந்து சீண்டினால் அவை சைட்டோகைன் என்ற புரதத்தை வெளியே விட்டு, ஆள் வந்துட்டான், ஓடி வாங்க என்று மற்ற அணுக்களைக் கூப்பிடும். சீண்டாவிட்டால் சும்மா கிடக்கும். சோதனைத் தட்டில் கிருமிப் பொருளைச் சேர்த்துச் சீண்டிய குழி, சைட்டோகைன் இருப்பதைக் காட்டி மஞ்சளாக வேண்டும், சீண்டாத குழி வெளுத்திருக்க வேண்டும்.

இரண்டுமே மஞ்சளாயின. திரும்பச் செய்தாலும் அதே மஞ்சள்.

"உன் கை சுத்தமில்லம்மா, எதுவோ கலந்துடுது. இன்னொரு தடவை இப்படி வந்தா இந்த ஆராய்ச்சிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார் பேராசிரியர் ராமலிங்கம். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அழுதாள்.

ரத்தத்தைக் குறை சொல்ல வழியில்லை. அது அவள் புருஷன் சுப்ரமணியுடையது. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவன், தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. நோய்நொடி இல்லாத ஆள் வேண்டும் என்று அவள் தெருத்தெருவாகக் கேட்டு, ஊசி என்றதும் எல்லாரும் நழுவியபோது, "இன்னாத்துக்கு அலையிற? நான் குடுக்குறேன்" என்று சட்டைக் கையை மடித்தவன்.

அன்று நண்டுக் குழம்பு. நண்டுக் காலைப் பல்லாலேயே உடைத்துத் தின்னும் மனிதன், அதைத் தொடாமல் ரசச் சோற்றை வாயின் ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பொறி தட்டியது.

"மாமா, வாயத் தொற."

"ஒண்ணுமில்ல, நீ சாப்புடு."

அவள் விடவில்லை. இடது தாடையில் ஒரு விரலை வைத்தாள். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு சாந்தி ஓடி வந்துவிட்டாள். கடைவாய்ப் பல்லடியில் சீழ் கோத்து, ஈறு பழுத்த தக்காளியாய் வீங்கியிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா இருக்கும்."

உடம்புக்குள்ளேயே கிருமி சீண்டிக்கொண்டிருந்திருக்கிறது. அணுக்கள் கத்தாமல் என்ன செய்யும்! தன் கை சுத்தம்தான் என்று தெரிந்ததும் அன்புசெல்விக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. உடனே கோபமும் வந்தது.

"அப்பவே சொல்லக் கூடாதா மாமா? என் பொழப்பே போயிருக்கும்!"

"சொன்னா நீ மறுபடி தெருத்தெருவா அலைவியே. வலி பல்லுலதான, ரத்தம் கையிலேர்ந்துதான எடுக்குறன்னு இருந்துட்டேன்."

அவனை அறைவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அவள் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். காலையில் முதல் வேலை பல் டாக்டர். பேராசிரியர் காத்திருக்கட்டும்.