இடது கால் பூட்ஸ்

துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் தலையை நுழைத்து கர்ட் மூன்றாவது முறையாகத் தேடிக்கொண்டிருந்தான். அப்பாவின் வலது கால் பூட்ஸ் கிடைத்துவிட்டது. இடது காலைக் காணோம். பதினோரு மணிக்கு அடக்கம். சவப்பெட்டிக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

வேறு பூட்ஸ் போடலாமே என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. அப்பா வெர்லின் டக்கெட்டின் சவாரி பூட்ஸுக்கு ஏழு முறை அடி மாற்றியாகிவிட்டது; அசல் தோல் என்று அதில் மிஞ்சியிருந்தது தபால் தலை அளவுதான். வயோமிங் மாநிலத்தில் அது மிதிக்காத சாணம் கிடையாது. அதைப் போட்டுத்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று முப்பது வருஷமாக, கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

"ஏன்டா வீட்டைப் பொரட்டுற? டிரெய்லர்லதான் இருக்கும்" என்றாள் அம்மா நாடீன். "ரொண்டா, நீதானடி போன மாசம் பனிக்காலத்துக்குன்னு அதை மூடி வச்ச? போய் எடுத்துட்டு வா."

மகள் ரொண்டா காபியைக் கீழே வைத்தாள். அவள் எதையும் மூடி வைக்கவில்லை.

வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் அது: பின்பாதியில் நாலு குதிரை, முன்பாதியில் கட்டில், அடுப்பு, ஷவர். கோடை முழுக்க ஊர் ஊராக ரோடியோ குதிரைப் போட்டிகள் பார்த்துக்கொண்டு வெர்லினுக்கு அந்த டிரெய்லரில்தான் குடித்தனம். பனிக்காலத்தில் அது தொழுவத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் நிற்கும். அந்த ஊர்க் குளிர் சாமானியப்பட்டதல்ல. அடுப்பில் கொதிக்கிற சூப்பையே ஒரு ஓரமாக உறைய வைத்துவிடும். குழாயில் ஒரு ஸ்பூன் தண்ணீர் மிஞ்சினாலும் வசந்தத்தில் பதினெட்டு இடத்தில் பீச்சியடிக்கும். ஆகவே தண்ணீரை வடித்து, உறையாத ரோஸ் நிறத் திரவத்தை எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, பேட்டரியைக் கழற்றி, கடைசியில் சக்கரங்களுக்கு உறை மாட்ட வேண்டும். உள்ளே ஃபிரிட்ஜ் பூஞ்சை பிடிக்காமலிருக்க அதன் கதவிடுக்கில் இடது கால் பூட்ஸைச் சொருக வேண்டும். வேறு எதைச் சொருகினாலும் வெர்லினுக்குத் தூக்கம் வராது.

இந்த வருஷம் வைத்தியர், குனியாதே, தூக்காதே, இதயம் தாங்காது என்றுவிட்டார். ரொண்டா செய்வதாக ஒப்புக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை பூசணிச் சந்தை. அடுத்த சனிக்கிழமை வெறும் சோம்பல். அப்பா போனில் கேட்டபோது, "நீங்க ஆஸ்பத்திரி போயிருந்தப்பவே வந்து முடிச்சிட்டேம்ப்பா" என்றாள்.

"பூட்ஸ் வச்சியா?"

"வச்சேன்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "நல்ல பொண்ணு" என்றார்.

புதன்கிழமை மதியம் தொழுவத்துப் பக்கம் விழுந்து கிடந்தார். குதிரையைப் பார்க்கப் போயிருப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். ரொண்டாவும் சொன்னாள். அன்று மாலை ஆரம்பித்த பனி நேற்றுத்தான் நின்றது.

முழங்கால் ஆழப் பனியில் நடந்துகொண்டே பதில் ஒன்றைத் தயார் செய்தாள். எலி இழுத்துப் போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். வயோமிங் எலிகள் சேணத்தையே குதிரையோடு சேர்த்து இழுக்கும். ஒற்றை பூட்ஸ் எம்மாத்திரம். குழாய்கள் வெடித்ததை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கதவைத் திறந்தாள். ஃபிரிட்ஜ் ஒரு சாண் திறந்திருந்தது. இடுக்கில் இடது கால் பூட்ஸ்.

தொட்டித் துவாரத்தைச் சுற்றி ரோஸ் நிறம். குழாயைத் திருகினாள். ஒரு சொட்டு ரோஸ் நிறத்தில் இறங்கி, நுனியில் நின்று, விழுந்தது.

அவள் போனில் 'வச்சேன்' என்றபோது அந்தப் பூட்ஸ் எங்கே இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசித்தாள். அப்பா வீட்டு வாசல் கதவோரம். போனுக்கு நேர் எதிரே.

பூட்ஸை உருவியதும் ஃபிரிட்ஜ் கதவு தானாக மூடப் போனது. ரொண்டா தன் இடது கால் பூட்ஸைக் கழற்றி அந்த இடத்தில் சொருகினாள்.

வெளியே மூன்று சக்கரங்களுக்கு உறை போட்டிருந்தது. நாலாவது வெறுமனே நின்றது. அதனடியில் பனியைக் கையால் விலக்கினாள். இரண்டாக மடித்த உறை, மடிப்புக் கலையாமல் கிடந்தது. விறைத்துப்போன துணியை இழுத்து இழுத்து மாட்டினாள். சாக்ஸ் காலுக்கு அதற்குள் உணர்ச்சி போய்விட்டது.

அடுக்களையில் அம்மா பூட்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"நீங்க சொன்ன எடத்துலதான்."

"நல்லவேளை, நீயாவது ஒழுங்கா செஞ்ச. செவ்வாய்க்கிழமைகூட அப்பா சொன்னாரு. ரொண்டா பிரமாதமா மூடி வச்சிருக்கா, நான் செஞ்சாக்கூட இப்படி வராதுன்னு."

வண்டியைக் கிளப்பிவிட்டு வந்த கர்ட், பூட்ஸ் இரண்டையும் செய்தித்தாளின் மேல் ஜோடியாக வைத்தான். இடது காலில் ஒட்டியிருந்த பனி உருகி, தாள் மெல்ல நனையத் தொடங்கியது. ரொண்டா ஈர சாக்ஸ் காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள்.