சாதா ஸ்பிரிங்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்டு நாக்கு தேய்ந்துபோயிருக்கும். அதோடு விடுகிறதா என்றால் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், கடையை விட்டதும் வீட்டுக்கு ஓடி, அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு பிசியோதெரபிக்குப் போக வேண்டும். அக்காவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா தனி ஆள் என்பதால் இவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள்.

போகிற வழியில் பதினான்கு வேகத்தடைகள். ஒவ்வொன்றிலும் காரின் பின்பக்கம் 'டொக்'கென்று இடிக்கும். இடித்த பிறகும் அடங்காமல் இரண்டு மூன்று தடவை ஆடித்தான் ஓயும். அக்கா வாய்விட்டு அழுகிற ரகமில்லை.

"ஏண்டி, இது காரா சல்லடையா? என்னைப் போட்டுச் சலிக்குதே!" என்பாள்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் இறங்கும்போது முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை பூத்திருக்கும்.

கணவரிடம் சொன்னால், "ரோடு அப்படி. நீ வேற கடைசி நிமிஷத்துல பிரேக் அடிக்கிற" என்று முடித்துவிடுவார். அவர் ஒரு டைல்ஸ் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பகலில் கார் அவரிடம், சாயங்காலம் இவளிடம். அவருக்கு ஆபீசிலேயே நாள் முழுக்க மீட்டிங் என்ற ஒரு வெள்ளிக்கிழமை, தன் வார விடுமுறையைத் தியாகம் செய்து அவள் காரை ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிப்போனாள்.

அந்த மெக்கானிக்கை எல்லாரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் அவசரப்படுத்தினாலும் அவர் சொல்கிற பதில் அது ஒன்றுதான். காரின் பின்மூலையை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் எழும்பியது, தாழ்ந்தது, மறுபடி எழும்பியது.

"ஒரு தடவ எழும்பி நின்னுடணும் மேடம். இது தொட்டில் மாதிரி ஆடுது."

காரைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துக் காட்டினார். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. இடதுபக்க ஸ்பிரிங்கின் கடைசி வளையம் விரல் நீளத்துக்கு உடைந்து, தனியாக உட்கார்ந்திருந்தது.

"ஸ்பிரிங் சும்மா உடையாதே" என்றபடி காரை இறக்கி டிக்கியைத் திறந்தார். உள்ளே எட்டு அட்டைப்பெட்டிகள். ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வைத்தார். "என்ன மேடம், காருக்குள்ளயே வீடு கட்டப் போறீங்களா?"

"டைல்ஸ் சாம்பிள். அவரோடது."

"எட்டையும் சேத்தா மூணு ஆள் கனம். மூணு பேரு ராப்பகலா டிக்கியில படுத்திருக்காங்கன்னு வச்சுக்குங்க." கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மூணு வழி இருக்கு. முதல்ல, புதுசுல வந்த மாதிரியே சாதா ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக் அப்சார்பர். மெத்துன்னு போகும், ஆனா இந்தப் பாரத்தைத் தாங்காது. இல்லன்னா கெட்டி ஸ்பிரிங். பெட்டி இருக்கறப்ப கார் நேரா நிக்கும். இல்லாதப்போ கல்லு மாதிரி இடிக்கும். அதுக்கு ஷாக் அப்சார்பரும் கெட்டியாத்தான் போடணும், இல்லன்னா ஸ்பிரிங் துள்ளுறதை அதால அடக்க முடியாது."

"மூணாவது?"

"குட்டை ஸ்பிரிங். கார் தரையோட தரையா ஊர்ந்து போகும். காலேஜ் பசங்க கேப்பாங்க. உங்களுக்கு வேணாம்."

அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"நீங்களே பாத்து எதையாவது போடுங்க. எனக்கு யோசிக்கத் தெம்பில்ல."

"போட்டுடலாம். பின்சீட்ல யாரு உக்காருறாங்கன்னு எனக்குத் தெரியாதே மேடம்."

அவள் கணவருக்குப் போன் போட்டாள்.

"கெட்டி ஸ்பிரிங்தான். இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார் அவர் அடிக்குரலில்.

"அக்காவுக்கு முதுகு..."

"அக்கா இன்னும் ரெண்டு மாசம் போவாங்க. நான் ரிட்டயர் ஆகுறவரைக்கும் இதுலதான் அலையணும். மீட்டிங்ல இருக்கேன், வை."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை மேலும் சோர வைத்தது. தப்பாக இருந்தால் சண்டையாவது போடலாம். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். டிக்கியில் படுத்திருக்கிற மூன்று பேர் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அக்கா ஒரே ஆள், அதுவும் இளைத்துத் துரும்பாகிவிட்ட ஆள். இடியெல்லாம் அவளுக்கு.

எழுந்து போய்ச் சொன்னாள்: "சாதா ஸ்பிரிங்கே போடுங்க. பெட்டிங்களை இறக்கி இங்கயே ஓரமா வைங்க."

"சார் கோவிச்சுக்க மாட்டாரா?"

"நான் பேசிக்கிறேன்."

"அப்ப பின்பக்கம் ரெண்டையும் ஜோடியா மாத்திடறேன். ஒண்ணு மட்டும் புதுசாப் போட்டா கார் ஒருக்களிச்சு நிக்கும். முன்பக்கம் நல்லாத்தான் இருக்கு, இப்பத் தொட வேணாம்."

சாயங்காலம் கணவர் வந்ததும் வராததுமாக டிக்கியைத் திறந்து பார்த்தார். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பெட்டி எங்க?"

"ஒர்க்ஷாப்புல பத்திரமா இருக்கு."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டேன். நீங்க போனை வச்சிட்டீங்க."

அவர் குரல் ஏறியது. நாளைக்கு வாடிக்கையாளர் முன்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு நிற்பதா, இந்த வயதில் வேலை போனால் யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்றெல்லாம் பொரிந்து தள்ளினார். அவளுக்கு நிற்கவே முடியாத அளவுக்குக் கால் வலித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எட்டுப் பெட்டியும் தினமும் வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவரும் ஒரு நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். சட்டைக் காலர் கசங்கி, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

"அஞ்சு பெட்டி இப்ப வர்றதே இல்ல. கம்பெனி நிறுத்திட்ட டிசைன்."

"அப்புறம் எதுக்குச் சுமந்துக்கிட்டு அலையிறீங்க?"

"பிரிச்சு எடுத்து வைக்கணும். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நினைப்பேன்." முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "முடியலடி."

அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதேயில்லை. உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "ரெண்டு பேரும் சோறு திங்காம உக்காந்திருக்கீங்களா? நான் எந்திரிச்சு வந்து ஊட்டவா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குக் கிளம்புகிறதற்கு முன்னால் இரண்டு பேருமாக ஒர்க்ஷாப்புக்குப் போய், தரையில் உட்கார்ந்து டைல்ஸைப் பிரித்தார்கள். நின்றுபோன ஐந்து பெட்டியையும் மெக்கானிக் பொறுமையே கேட்டு வாங்கிக்கொண்டார், ஒர்க்ஷாப் கழிவறைக்குத் தரை போட. மிச்சம் மூன்றில் இரண்டை, நிறைய ஆர்டர் தருகிற ஒரு கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கணவர் ஏற்பாடு செய்தார். ஒன்று மட்டும் டிக்கியில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். முதல் வேகத்தடையில் கார் மெல்ல ஏறி இறங்கி, அதோடு அடங்கிவிட்டது. நாலாவது தாண்டியதும் அக்கா, "சீட்டு கொஞ்சம் குழியா இருக்குடி" என்றாள். குறை சொல்ல வேறொன்று கிடைத்துவிட்டதில் அவள் குரலில் ஒரு தெம்பே வந்திருந்தது.

அக்காவை உள்ளே விட்டுவிட்டு வந்து அவள் காரில் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் இருந்தது. மளிகைச் சாமான் பட்டியல் போட வேண்டும், கண்ணாடிக் கடை முதலாளிக்குப் பதில் அனுப்ப வேண்டும். போனைக் கையில் எடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். ஜன்னலை நான்கு விரல் இறக்கிவிட்டு சீட்டைப் பின்னால் சாய்த்தவள், பட்டியலில் முதல் சாமானை நினைத்துப் பார்ப்பதற்குள் தூங்கிப்போனாள்.