எலி கடிக்காத கேபிள்

அகிலாண்டேஸ்வரி டீச்சரின் மின்சாரக் கார் ஐந்தருவிக்குப் போகும் வழியில் சாரலுக்கு நடுவே நின்றுபோனது. திரையில் சிவப்பு எழுத்து வந்ததாம். அதற்குப் பிறகு ஓர் அடிகூட நகரவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றி, தென்காசியில் பாரூக்கின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கே மின்சார வண்டிகளைத் தொடுகிறவன் நாசர் ஒருவன்தான். கடையநல்லூர்க்காரன். துபாயில் ஒன்பது வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். வண்டி எங்கே மக்கர் செய்தாலும் 'நாசர் பாய் பார்த்தா சரியாயிரும்' என்பார்கள். அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமை உண்டு.

வண்டியை லிஃப்டில் தூக்கி அடிமூடியைக் கழற்றினான். பேட்டரியிலிருந்து முன்பக்கம் போகிற ஆரஞ்சு நிறக் கேபிள் ஓரிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்நூற்றைம்பது வோல்ட் ஓடுகிற கேபிள். அதைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் இல்லை. கேபிள் இரும்புப் பட்டையில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது.

நாசர் கைவிளக்கை அந்த இடத்தில் பிடித்தான். இரண்டு மாதத்துக்கு முன் பேட்டரியைக் குளிர்விக்கிற கூலண்ட் குழாயை மாற்ற இதே மூடியைக் கழற்றி மாட்டியவன் அவன்தான். அன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று அவசர அவசரமாக முடித்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

டீச்சர் பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தார். "என்ன தம்பி, எலி கடிச்சிருக்கா?"

பொய்யை அவன் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"அப்படித்தான் தெரியுது டீச்சர்."

"நெனச்சேன்! தவிட்டு மூட்டையை கார் ஷெட்டுல போடாதீங்கன்னு நல்லக்கண்ணுகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

நல்லக்கண்ணு அவருடைய தோப்பையும் வீட்டையும் பதினாலு வருஷமாகப் பார்த்துக்கொள்பவர். டீச்சர் அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டார். எதிர்முனையைப் பேசவே விடவில்லை.

"உங்க மூட்டையால நடுரோட்டுல நின்னேன். பின்னால பஸ் வந்து அடிச்சிருந்தா? போதும். மூட்டையோட நீங்களும் கெளம்பிருங்க."

நாசர் கைவிளக்கை அணைத்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதுக் கேபிள் தொகுப்பு வர நாலு நாள் ஆனது. வந்த அன்று காலையிலேயே வேலையைத் தொடங்கினான். ரப்பர் கையுறையில் காற்றை அடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தான். சின்ன பேட்டரியின் இணைப்பைப் பிரித்தான். பெரிய பேட்டரியைத் துண்டிக்கிற பிளக்கை உருவி, வேறு யாரும் மாட்டிவிடாதபடி தன் பையில் போட்டுக்கொண்டான். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் அவனால் உட்கார முடியவில்லை.

மீட்டர் பூஜ்யம் காட்டியதும் பழைய கேபிளை இறக்கினான். ஒரு பல்தடம்கூட இல்லை.

பாரூக் எட்டிப் பார்த்தார். "எலியா பாய்?"

"ஆமா."

இரண்டாவது தடவை வாய் தடுமாறவேயில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் கூசியது.

சாயங்காலத்துக்குள் புதுக் கேபிளை ஒவ்வொரு கிளிப்பாக மாட்டி, மின்கசிவு சோதித்து, வண்டியை மேலகரத்தில் டீச்சர் வீட்டுக்கு ஓட்டிப் போனான். கேட்டின் ஒரு பாதியை டீச்சரே மூச்சு வாங்கத் தள்ளித் திறந்தார். ஷெட் சுத்தமாகக் கழுவிக் கிடந்தது.

"நல்லக்கண்ணு வடகரைக்குப் போயிட்டாரு, மக வீட்டுக்கு. சாவியை என் கையில குடுக்காம ஜன்னல்ல வச்சிட்டுப் போயிருக்காரு," என்றபடி காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். "நீங்க காப்பி குடிச்சிட்டுப் போங்க. நீங்க மட்டும் கண்டுபிடிக்கலன்னா..."

"டீச்சர், அது எலி இல்ல."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். காப்பியில் ஆடை படிந்தது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. பேரு போயிருமேன்னு..."

"அப்போ நான் அவரைப் பேசின பேச்சு?"

நாசர் போனை எடுத்தான். அங்கிருந்தே பாரூக்குக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னான். "டீச்சர்கிட்ட காசு ஒண்ணும் வாங்காத. நாளைக்கு வந்து என்னையப் பாரு," என்று மட்டும் சொல்லி பாரூக் வைத்துவிட்டார்.

"வண்டியை எடுங்க," என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம்."

வடகரையில் மகள் வீட்டுப் பின்புறம் நல்லக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். டீச்சரைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நாசர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. டீச்சர் "என்னை மன்னிச்சிருங்க" என்றபோதுதான் நிமிர்ந்தார்.

"ஷெட்டுல எலி இருந்தது நெசம்தான் டீச்சர். நானும் நம்பிட்டேன், நம்ம தவிட்டாலதான்னு. மழையில நடுரோட்டுல நின்னீங்களேன்னு நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல."

நாசர் தரையைப் பார்த்தான். அவர் திட்டுவார் என்று நினைத்து வந்திருந்தான். அதற்குத் தயாராகவும் இருந்தான்.

"திரும்பி வாரீங்களா?" டீச்சர் கேட்டார்.

"தோப்பை வந்து பாக்கேன். தங்க வேண்டாம். மக விடமாட்டா."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். நாசர் மட்டும் நின்றான்.

"அண்ணாச்சி, நான்..."

"வண்டி இனிமே நடுவழியில நிக்காதுல்ல தம்பி? அவங்க தனியாப் போயிட்டு வாரவங்க."

"நிக்காது அண்ணாச்சி."

"சரி, போங்க. இருட்டுது."