பச்சைப் பட்டை

ஆண்டனி பதினைந்து வருடமாக ஆட்டோ ஷோவுக்குப் போகிறவன். ஒரு தடவைகூட ஷோவைப் பார்த்ததில்லை. கார் நிற்கும் சுழல் மேடையைப் பொருத்தி, மோட்டாரை ஓட்டிக் காட்டி, விடிந்ததும் கையில் கட்டிய சிவப்புப் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். பத்து மணிக்கு ஜனம் முன்வாசலில் நுழையும்போது வேலையாட்கள் ஒருவரும் கண்ணில் படக்கூடாது.

இன்று அவன் முன்வாசல் வரிசையில் நின்றான். மணிக்கட்டில் பார்வையாளருக்கான பச்சைப் பட்டை, உடம்பில் கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. நகரின் கோடியில் இருக்கும் அல்வாலில் இருந்து இரண்டு பஸ் மாறி எலிசபெத்தும் மகள் ஸ்ரேயாவும் கூடவே வந்திருந்தார்கள். எலிசபெத் புதுச் செருப்பு போட்டிருந்தாள், வாரில் நீலப் பூ வைத்தது. வரிசை நகரவில்லை. ஆண்டனிக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாம் சுபாஸ்ரீயால் வந்தது. ஷோ நடத்தும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த கோயம்புத்தூர்ப் பெண். பதினைந்தாம் ஆண்டுக்கு ஒரு வரலாற்றுச் சுவர் வைக்க அவளிடம் சொல்லியிருந்தார்கள். பழைய படங்கள் இருந்தன, விவரம் சொல்லத்தான் ஆள் இல்லை. ஒரு மாதமாக ஆண்டனிதான் சொன்னான். முதல் ஷோ திறந்த மைதானத்தில், துணிப் பந்தலில் நடந்தது. மூன்றாவதில் மழை கொட்டி, கார்களைச் செங்கல் மேல் ஏற்றினார்கள். கொரோனாவால் நின்றுபோய் மறுபடி தொடங்கியபோது, பாதிக் கார்கள் சத்தமே போடாத மின்சாரக் கார்கள்.

முதல் வருடக் கதைக்குத்தான் சுபாஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். பூஜை போட்டு, காரின் நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மேடை சுற்றியதும் ஒரு பழம் உருண்டு விளிம்பு இடுக்கில் விழுந்து, உருளையில் நசுங்கி, மோட்டார் நின்றுவிட்டது. ஆண்டனி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அடியில் தவழ்ந்து போய், கைப்பிடியால் ஒரு மணி நேரம் மேடையைச் சுழற்றினான். அதன் பிறகு வருடா வருடம் விடியற்காலைப் பூஜை முடிந்ததும் அந்த நாலு பழத்தையும் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவான்.

"உங்க பேர் இல்லாம இந்தச் சுவரே இல்லீங்ணா. குடும்பத்தோட வாங்க," என்று சொல்லி மூன்று பச்சைப் பட்டை கொடுத்தாள். ஆண்டனி நேற்று மாலையே மேடையைப் பொருத்தி ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். விருந்தாளி என்றால் விருந்தாளிதான்.

கதவு திறந்தது. மூவரும் ஓட்டமும் நடையுமாக நேரே சுவருக்குப் போனார்கள். பதினைந்து படங்கள், ஆளுயரம். கீழே விளம்பரம் தந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆண்டனி இரண்டு முறை படித்தான். சுபாஸ்ரீ ஓடி வந்து, கடைசி நேரத்தில் இடம் போதவில்லை என்று அவன் பெயரை மேலிடத்தில் வெட்டிவிட்டார்கள் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆண்டனிக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த நொடியே முதல் படத்தில் விரலை வைத்தான். சிவப்புக் கார், கைதட்டும் கூட்டம், மேடை ஓரத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"எலிசபெத்து, இது என் செருப்பாக்கும்."

"ஆள எங்க? செருப்பு மட்டுமில்லா கெடக்கு," என்றாள் அவள். ஆனாலும் குனிந்து, சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தாள். அல்வாலிலேயே பிறந்து வளர்ந்த ஸ்ரேயா, நிஜமாகவா என்று தெலுங்கில் கேட்டுவிட்டு அந்தச் செருப்பை நாலு படம் எடுத்தாள். ஆண்டனிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மேளம் முழங்கியது. புதுக் காரின் மேல் போர்த்தியிருந்த பட்டுத்துணி சரிந்தது. மேடை கால் சுற்று சுற்றி, கரகரவென்று நின்றது. சக்கரங்களைப் பார்த்தான் ஆண்டனி. மூன்றுக்கு முன்னால்தான் பழம் இருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார் மேலாளர் விஸ்வநாத். "ஆண்டனி, கீழ போய்ப் பாருங்க. அஞ்சே நிமிஷம்."

சொல்லி முடிக்கும் முன்பே ஆண்டனி செருப்பைக் கழற்றியிருந்தான். தன் கை பட்டால்தான் அது அசையும் என்ற பெருமை. அடியில் தவழ்ந்து போய்ப் பழத்தைத் தோண்டி எடுத்தான். மோட்டார் கருகியிருந்தது. கைப்பிடியை மாட்டிச் சுற்றினான். மேடை அசைந்ததும் மேலே கைதட்டல் இடியாக இறங்கியது. பதினைந்து வருடமாக ஒருமுறைகூட நிற்காத மேடை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஐந்து நிமிடம் அரைமணியாயிற்று. எண்ணெயும் சாறும் வெள்ளைச் சட்டையில் ஊறின. விளிம்பு இடுக்கு வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் நீலப் பூ வைத்த செருப்புப் போட்ட இரண்டு கால்கள் நகராமல் நின்றன. அவற்றுக்கு முன்னால் அவன் செருப்பு கிடந்தது.

"அடுத்த வருஷச் சுவருக்கு ஒரு படம்," என்றது ஒரு குரல். "அம்மா, கொஞ்சம் தள்ளுங்க."

நீலப் பூ இரண்டடி பின்னால் போனது. மோதிரம் போட்ட இரண்டு விரல்கள் கீழே இறங்கி, அவன் செருப்பை வார் நுனியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போயின. ஆண்டனி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.