இடது கண்ணின் சாம்பல் நிறம்

வலது கண்ணை மூடினால் விமானம் சாம்பல். இடது கண்ணை மூடினால் அதே விமானம் நீலம்.

கலவைக்காரர் மாடல் விமானங்கள் அடுக்கிய அலமாரியின் முன்னால் நின்று, உள்ளங்கையை முகத்தில் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண்ணில் புரை எடுத்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. காலையில் மருத்துவமனையில் கட்டைப் பிரித்து, இரவில் கண்ணுக்கு மேல் ஒட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் மூடியும் மூன்று சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றியதும் நேராக வந்து நின்ற இடம் இதுதான்.

மனைவி மருந்துப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே வந்தாள். "என்னங்க இது, அலமாரியோட கண்ணாமூச்சி?"

"இந்தக் கடல் விமானம் என்ன கலரு?"

"தலைய நிமித்துங்க. மருந்து விடணும்."

"கேட்டதுக்குச் சொல்லு."

அவள் விமானத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "நீலம். மூணு வருசமா நீலந்தான்."

ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்து, பிறகு எரிந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அவர் பெயின்ட் கடையில் முப்பத்துநான்கு வருடம் நிறம் கலந்தவர். சுவரிலிருந்து பெயர்ந்த நகமளவு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். வெள்ளையில் இத்தனை கறுப்பு, ஒரு விரல்நுனி மஞ்சள் என்று கலந்து, சுவரில் பழசு எது புதுசு எது என்று தெரியாமல் செய்துவிடுவார். பிறகு கடைக்குக் கலக்கும் மெஷின் வந்தது. எண்ணைத் தட்டினால் நிறம் சொட்டும். அவர் வேலை டப்பா மூடியைத் தட்டி மூடுவது என்று சுருங்கியது. கடையில் உள்ளவர்கள் அவரைப் 'பழைய மெஷின்' என்றார்கள். பாசமாகத்தான் சொன்னார்கள். இருந்தாலும் சொன்னார்கள்.

அதனால் நிறம் கலக்க அவருக்கு மிஞ்சியது வீட்டு மேசைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பிளாஸ்டிக் மாடல். நிஜ விமானத்தை எழுபத்திரண்டு மடங்கு சுருக்கினால் உள்ளங்கையில் நிற்கும் அல்லவா, அந்த அளவு. பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாக உறுப்புகள் இருக்கும். இறக்கை ஒரு சட்டத்தில், சக்கரமும் இருக்கையும் இன்னொன்றில். நறுக்கி, அராவி, பசை தடவிச் சேர்க்க வேண்டும். இந்தப் பாதி வேலை அவருடையதல்ல, மனைவியின் தம்பியுடையது. நகரப் பேருந்து ஓட்டுகிற மனிதர். அவர் இரண்டு பாதி உடலைச் சேர்த்தால் நடுவில் கோடு தெரியாது. இடுக்கை அடைக்கும் மாவு வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் எங்கும் தட்டக் கூடாது. தட்டினால் மறுபடியும் மாவு. தட்டாத விமானம் மேசையின் இந்தப் பக்கம் நகர்ந்து வரும், அத்தான் நிறம் பூசுவார். பத்தொன்பது வருடம் அந்த மேசையில் இரண்டு நாற்காலி இருந்தது.

புரையில் ஒரு சூது உண்டு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஒரே நாளில் மங்குவதில்லை. வெயில் பட்ட செய்தித்தாள் போல வருடக்கணக்கில் பழுப்பாகிறது. பழுத்த வில்லை உள்ளே வரும் வெளிச்சத்தில் நீலத்தைத்தான் முதலில் தின்னும். ஆனால் மூளை ஒத்துப்போகிற ஜீவன். இதுதான் வெள்ளை என்றால், சரி, இதுதான் வெள்ளை என்று தலையாட்டிவிடும். அவர் சாம்பல் கலந்தபோது அதில் ஏதோ குறைந்தது. ஒரு சொட்டு நீலம் சேர்த்தார், சரியாக இருந்தது. அடுத்த வருடம் இரண்டு சொட்டு. அலமாரியில் விமானங்கள் வருட வரிசைப்படி நின்றன. புதிய கண்ணால் இப்போது இடமிருந்து வலமாகப் பார்த்தால், சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் குளித்துக் குளித்து நீலமாகிக்கொண்டே போனது. கடைசியில் நின்ற கடல் விமானம் பள்ளிக்கூடச் சீருடை போல இருந்தது.

பெட்டியோடு வரும் தாளில் நிறத்துக்கு எண் போட்டிருக்கும். அந்த எண்ணுக்குரிய மாதிரி அட்டையைப் பக்கத்தில் வைத்துக் கலந்திருந்தால் தப்பு நேர்ந்தே இருக்காது. ஏனென்றால் கெட்ட கண்ணுக்கு அட்டையும் அதே அளவு பழுப்பாகத்தானே தெரியும்! ஒன்றோடு ஒன்று பொருந்தியிருக்கும். ஆனால் அட்டை பார்த்துக் கலப்பது மெஷினின் வேலை என்று அவர் முடிவு செய்திருந்தார். ஞாபகத்திலிருந்து கலந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஊரில் மாடல் கட்டுகிறவர்கள் கூடுகிற மண்டபத்தில், மேசையில் கடல் விமானத்தை வைத்த கையோடு மைத்துனர் சொன்னார்: "அத்தான், சாம்பல்னு எழுதி வச்சிருக்கோம். இது நீலமால்ல இருக்கு?"

தணிந்த குரலில்தான் சொன்னார். கலவைக்காரர்தான் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார்: "பஸ் ஓட்டறவனுக்கு மூணு கலர் தெரிஞ்சா போதும் மாப்ள. சிவப்பு, மஞ்சள், பச்சை. நாலாவது கலர் வந்தா என்னைக் கூப்பிடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு வந்து தன் அரத்தையும் உப்புத்தாள்களையும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு அந்த மேசைக்கு வரவில்லை. உறவு அறுந்துவிடவில்லை. எங்காவது பார்த்தால் "வாங்க", "சாப்டீங்களா", "உடம்பு எப்படி" உண்டு. மூன்றே சொல். சிக்னல் மாதிரி.

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மனைவியிடம்.

"எது, நீலம்னா? நீங்க பிடிச்ச முயலுக்கு மூணு காலு. நான் நாலாவது காலைக் காட்டி என்ன ஆகப்போகுது?" கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துவிட்டாள். "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க."

"அதான் இல்ல! மஞ்சளாத் தெரிஞ்சிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேனே. எதுவுமே மஞ்சளாத் தெரியல. எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது."

அவள் புட்டியை மூடினாள். போகிற போக்கில் சொன்னாள்: "அவனும் கட்டறத நிறுத்தல. போன மாசம் போயிருந்தேன்ல. அவன் வீட்ல ஜன்னல் மேல நாலு விமானம். எதுக்கும் பெயின்ட் அடிக்கல. வெறும் பிளாஸ்டிக்கா நிக்குது."

அந்த நாலும் அவரைத் தூங்கவிடவில்லை. தூங்கவே முடியாத அளவுக்கு இல்லை. ஆனால் மத்தியானத் தூக்கம் போய்விட்டது. கோடு தெரியாமல், நகம் தட்டாமல், நிர்வாணமாக நாலு விமானம். அவருடைய அலமாரியிலோ கடல் விமானத்துக்குப் பிறகு அவர் தனியாகக் கட்டிப் பார்த்த ஒன்று இருந்தது. முதுகில் தையல் போட்டது போலக் கோடு ஓடியது. அதைத் துணியில் சுற்றிப் பின்னால் வைத்திருந்தார்.

இடது கண்ணுக்கும் தேதி குறித்திருந்தார்கள். இன்னும் பன்னிரண்டு நாள். அதோடு பழைய உலகம் போய்விடும். அந்த விமானம் சாம்பலாகத் தெரிந்த ஒரே இடம் அந்த இடது கண். அதையும் எடுத்துவிட்டால், வீம்புக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. அவரே ஒருநாள் நம்ப மாட்டார்.

யோசனை எட்டாம் நாள் காலையில் வந்தது. இனி இரவில் அந்தப் பிளாஸ்டிக் கண்மூடி வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மனைவி அதைக் குப்பைக்கு எடுத்தாள், அவர் பிடுங்கினார். முட்டை வடிவில், காற்றுப் போக ஊசித்துளைகள் போட்ட, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். மாடல் பெயின்ட்டில் ஒரு வகை உண்டு. விமானத்தின் இறக்கை நுனியில் சின்ன விளக்குகள் இருக்குமே, அவற்றுக்குப் பூசுவது. வெளிச்சத்தை மறைக்காது, சாயம் மட்டும் ஏற்றும். மஞ்சளில் ஒரு புட்டி இருந்தது, புகை நிறத்தில் ஒன்று.

குனியக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் மேசை மேல் நான்கு பெட்டிகளை அடுக்கி, முகத்தின் உயரத்தில் வேலை செய்தார். மஞ்சளைத் தண்ணீராய்க் கரைத்து ஒரு பூச்சு. காய்ந்ததும் மூடியை வலது கண்ணில் வைத்து வெள்ளைத் தாளைப் பார்த்தார். பிறகு மூடி இல்லாமல் இடது கண்ணால். ஒத்துவரவில்லை. இன்னொரு பூச்சு. மஞ்சள் சரி, ஆனால் ரொம்பச் சுத்தமான மஞ்சள். கிழட்டுக் கண் அவ்வளவு சுத்தம் இல்லை. துளி புகை. அதிகமாகிவிட்டது. கழுவிவிட்டு முதலிலிருந்து. மூன்று நாள் போனது. ஞாபகத்திலிருந்து கலக்கவில்லை. ஒரு கண்ணை மாதிரி அட்டையாக வைத்துக்கொண்டு இன்னொரு கண்ணுக்குக் கலந்தார். ஆறாவது பூச்சில், இரண்டு கண்ணுக்கும் தாள் ஒரே தாளாக இருந்தது. மூடியை வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தார். அத்தனை விமானமும் பழையபடி சாம்பலாகி நின்றன.

"இங்க வா, இதை வச்சுப் பாரு!" என்று கூவினார்.

மனைவி வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "இப்படியா இருந்துச்சு?" என்றாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மூடியை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "இதை அவன்கிட்ட கொண்டுபோய்க் காட்டப்போறீங்க."

"ஆமா."

"எதுக்கு? மன்னிப்புக் கேக்கவா? இல்ல, கண்ணு மேலதான் தப்பு, என் மேல இல்லன்னு நிரூபிக்கவா?"

அவர் மூடியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அவன் நீலத்துக்காகவா வராம இருக்கான்?" என்றாள்.

இடது கண்ணுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. கடல் விமானத்தைப் பஞ்சு வைத்த பெட்டியில் இறக்கி, கண்மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மைத்துனர் பேருந்து ஓட்டும் தடத்தின் நிறுத்தத்தில் போய் நின்றார். மூன்றாவதாக வந்தது அவருடைய வண்டி.

"வாங்க அத்தான்," என்றார் மைத்துனர், கண்ணாடியில் பார்த்தபடி. "கண்ணு எப்படி?"

"ஒண்ணு ஆச்சு."

அவ்வளவுதான். ஓட்டுகையில் ஓட்டுநர் பேசக் கூடாது. அந்த விதி இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. கலவைக்காரர் ஓட்டுநருக்குப் பின்னால், முன்கண்ணாடி முழுதும் தெரிகிற இருக்கையில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்தார். கடைசி நிறுத்தத்துக்கு நாற்பது நிமிடம். எப்படித் தொடங்குவது என்று யோசிக்கத்தான் உட்கார்ந்தார். ஆனால் புதிய கண் சும்மா இருக்கவில்லை.

முன்னால் ஒரு லாரியின் பின்விளக்கு வெயிலில் வெளிறிக் கிடந்தது. எரிகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிவதற்குள் வண்டி வேகம் குறைந்திருந்தது. சாலையில் ஓரிடம் மற்ற இடத்தைவிட அரை நிழல் கறுப்பு. மைத்துனர் சக்கரத்தை ஒரு முழம் விலக்கினார். கடந்தபோது பார்த்தால் எண்ணெய். நிறுத்தி வைத்த கார்களுக்கு நடுவே கீழே ஒரு துண்டு ஆரஞ்சு. வண்டி கிட்டத்தட்ட நின்றது, ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு குழந்தை தாயின் கையை உதறிவிட்டு வெளியே வந்தது. கலவைக்காரர் எண்ணத் தொடங்கினார். விரல் விட்டு எண்ணினார். விரல்கள் தீர்ந்துபோயின.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். பத்து நிமிட ஓய்வு. மைத்துனர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். பின்னால் திரும்பவில்லை.

"மூணு கலர் இல்ல மாப்ள," என்றார் கலவைக்காரர். "பதினேழு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன்."

மைத்துனர் புட்டியை மெதுவாக மூடினார்.

"சிரிச்சாங்க எல்லாரும்," என்றார் கலவைக்காரர். "நீயும் சிரிச்ச. நான் அதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். அதைப் புரை மறைக்கல."

எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. பிறகு மைத்துனர் இருக்கையில் பாதி திரும்பி, பெட்டியை மோவாயால் காட்டினார். "என்ன அது?"

பெட்டி திறந்தது. மைத்துனர் விமானத்தைத் தொடவில்லை. கட்டைவிரல் நகம் மட்டும், பழக்கத்தில், முதுகின் மேல் ஒருமுறை ஓடியது. எங்கும் தட்டவில்லை.

"நீலந்தான்," என்றார் கலவைக்காரர். "நீ சொன்னது சரி." பையிலிருந்து பழுப்பு மூடியை எடுத்தார். "இதுதான் என்னோட பழைய பார்வை. நாளைக்கு இடது கண்ணுப் புரையையும் எடுத்துடுவாங்க. அதுக்குள்ள யாராவது பாக்கணும்னு தோணுச்சு. வேற யார்கிட்டக் காட்டுவேன்?"

மைத்துனர் அதை வாங்கி, கண்ணில் வைக்காமல், கைநீட்டிய தூரத்தில் பிடித்து விமானத்தைப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"சாம்பலாயிடுச்சே," என்றார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். "ஓட்டையில மட்டும் நீலமா தெரியுது."

"எங்க?"

கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தே பழகியதில் கலவைக்காரர் அதைக் கவனித்திருக்கவில்லை. கிட்டே வைத்தால் துளைகள் கரைந்துவிடும். இப்போது எட்டி, மைத்துனரின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். சாம்பல் நிற இறக்கை முழுவதும் பொட்டுப் பொட்டாக நீலம்.

வெளியே யாரோ விசில் ஊதினார்கள். நேரமாகிவிட்டது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"இறங்கலையா அத்தான்?"

"திரும்பிப் போற வண்டியும் இதுதானே."

மைத்துனர் மூடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, கடிகாரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். பேருந்து வளைந்து வெயிலுக்கு முகம் கொடுத்தது. பழுப்பாக ஒரு முட்டை வடிவம் ஓட்டுநரின் சட்டைக்கையில் விழுந்து, நடுநடுவே வெள்ளைப் புள்ளிகளோடு, சக்கரம் திரும்பத் திரும்ப அவர் கை மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கலவைக்காரர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.